மண்புழு உயிரோடு இருந்தால் மண் நல்லதா?



மண்புழு இருந்தால் நல்ல மண் என்று நாங்கள் எல்லாருமே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். வீட்டுத் தோட்டத்துக்கு அது சரி. கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

இங்கிலாந்தில் தமார் ஆற்றுப் பக்கம் டெவன் கிரேட் கொன்சோல்ஸ் என்றொரு பழைய சுரங்கம். 1844இல் செம்புக்காகத் தோண்டத் தொடங்கினார்கள். செம்பு குறைந்ததும் அங்கிருந்தே ஆசனிக் எடுத்து விற்றார்கள். கம்பனி போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது, ஆசனிக் மட்டும் மண்ணிலேயே நிற்கிறது. அந்த மண்ணிலும் மண்புழுக்கள் வாழ்கின்றன! அவற்றையும், சுத்தமான இடத்தில் பிடித்த அதே இனப் புழுக்களையும் ஆசனிக் கலந்த மண்ணில் விட்டுப் பார்த்தார்கள். சுரங்கத்துப் புழு தாக்குப்பிடித்தது, மற்றது செத்தது. தலைமுறை தலைமுறையாக நஞ்சுக்குப் பழகிய புழுவின் சாட்சியை வைத்து மண்ணுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியுமா?

சரி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால்? கடும் அமிலத்தில் மண்ணைக் கரைத்து, ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராம் ஈயம் என்று ஓர் எண் வரும். அந்த எண்ணும் பாதிக் கதைதான். இரும்பு ஒக்சைட்டிலும் களியிலும் இறுகப் பிடிபட்டிருக்கும் உலோகம் வேருக்கோ புழுவுக்கோ இலகுவில் கிடைக்காது. மண் அமிலமானால் அதே உலோகம் கரைந்து வெளியே வரும். சுரங்கக் கழிவில் உள்ள பைரைட் காற்றும் நீரும் பட்டு சல்பூரிக் அமிலமாகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். (தயம்மும் செய்யும்போது மண் சுத்தமா என்று பார்க்கிறோம். இந்த அசுத்தம் கண்ணுக்குத் தெரியாது.)

ஆகவேதான் உயிரிகளிடமே கேட்கும் சோதனைகள் வந்தன. பஞ்சம் இல்லாமல் வளர்த்த, நஞ்சுக்குப் பழகாத புழுக்களை மண்ணில் விட்டு 14 நாளில் எத்தனை சாகின்றன என்று எண்ணுவது ஒன்று. சாகாவிட்டாலும் குஞ்சு பொரிக்கிறதா என்று 56 நாள் பார்ப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் அதிக நம்பிக்கை, ஏனென்றால் சாகாத புழு பெருகாமலே அழிந்துபோகலாம். மூன்றாவது மிக எளிது. ஒரு பெட்டியில் பாதி சுத்த மண், பாதி சந்தேக மண், நடுவில் புழுக்கள். 48 மணித்தியாலத்தில் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பது.

குறையும் உண்டு. சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் புழு, மண்புழுப் பசளைக்கு நாங்கள் வளர்க்கும் வகை. அது குப்பையில் வாழ்கிற ஜீவன், வெறும் சுரங்க மண் அதன் வீடல்ல.

என் கருத்து இதுதான்: புழுச் சோதனை எண்ணுக்குத் துணை, மாற்று அல்ல. "உலோகம் இருக்கிறது, ஆனால் உயிர்களுக்குக் கிடைக்காது" என்ற வாதம் துப்புரவுச் செலவைக் கட்ட வேண்டியவர்களுக்கு மிகவும் வசதியானது. ஸாம்பியாவின் கப்வே நகரில் ஈயமும் நாகமும் எடுத்த சுரங்கம் 1994இல் மூடப்பட்டது. கழிவுக் குவியல் அப்படியே கிடந்தது, தூசு வீடுகளுக்குப் பறந்தது. முற்றத்தில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைக்கும். இரைப்பை அமிலம் மண்ணிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும். புழுவுக்குக் கிடைக்காதது பிள்ளையின் இரத்தத்தில் சேரலாம். அங்கே பிள்ளைகளின் இரத்தத்திலேயே ஈயத்தை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதுவும் ஒரு சோதனைதான், ஆனால் அந்த இடத்தில் பிள்ளையை வைக்கக் கூடாது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் சகோதர சகோதரிகளே, அந்த 48 மணித்தியாலச் சோதனையை வகுப்பில் செய்யலாம். சுரங்க மண் வேண்டாம். ஒரு பக்கம் சாதாரண தோட்ட மண், மறுபக்கம் அதே மண்ணில் கொஞ்சம் உப்பு. இரண்டிலும் ஈரம் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் புழு ஈரத்தைத் தேடித்தான் போகும்.