சுழியோடுமுன் ஒரு கையொப்பம்

சென்ற ஆவணி விடுமுறையில் குடும்பத்தோடு நிலாவெளிக்குப் போயிருந்தோம். வாடைக்காற்றுத் தொடங்குமுன் கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும் காலம் அது. புறாத்தீவை அடுத்த பவளப் பாறைகளுக்குச் சுழியோட அழைத்துச் செல்லும் ஒரு நிலையத்தில் எமது மருமகனின் பெயரையும் பதிந்திருந்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த பிள்ளை. முதுகிலே வளிக்கலத்தைச் சுமந்து கடலின் அடியைக் காணவேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

படகு புறப்படப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். முதற் கேள்வியிலேயே அவனது பேனா நின்றுவிட்டது. சுவாசப்பை, இருதயம், இரத்தம் ஆகியவற்றில் கோளாறு ஏதும் இருந்ததுண்டா என்பது அக்கேள்வி. பையனுக்குச் சிறு வயது முதல் தொய்வு. இன்ஹேலர் அப்பொழுதும் கைப்பையிலே இருந்தது.

“உது சின்ன வயசில வந்ததுதானே. இல்லையெண்டு போடு, படகு வெளிக்கிடப் போகுது” என்றாள் அவனுடைய தாய், எமது தங்கை.

பையன் எம்முடைய முகத்தைப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை. கட்டிய பணம் நினைவில் இருந்தது. பிள்ளையின் ஆசையும் கண்முன் நின்றது. மறைப்பானேன், அவன் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் நல்லதென்றே நாமும் எண்ணினோம். அவனோ ‘ஆம்’ என்று எழுதினான்.

வைத்தியரின் கையொப்பமின்றி நீரில் இறக்க முடியாதென்று பயிற்றுநர் கூறிவிட்டார். படகு அவனைக் கரையில் விட்டுப் போயிற்று. “முத்துக் குளிச்ச எங்கட ஆக்கள் எந்தப் படிவத்தை நிரப்பினவை?” என்று எம்மோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் வெகுண்டார். கோபத்திலே கேட்டாராயினும் விடை சொல்லத் தக்க கேள்வியே அது.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் காலிற் கல்லைக் கொழுவி, கயிற்றைப் பற்றி, ஒரே மூச்சில் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்கினர். கடற்கட்டி என்பான் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டினாலன்றி அவர்கள் இறங்கார் எனப் பழைய குறிப்புகள் கூறும். ஆகவே ஒருவகை அனுமதி அவர்களுக்கும் வேண்டியிருந்தது. அது நிற்க. கரையில் இழுத்த மூச்சு ஆழத்தில் நீரின் அமுக்கத்தாற் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். அதற்கு மேல் விரியாது. வளிக்கலத்தோடு செல்பவரின் நிலை வேறு. அவர் ஆழத்திலிருந்துகொண்டே, அவ்வாழத்தின் அமுக்கத்திலேயே வளியைச் சுவாசிக்கிறார். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடும். பத்து மீற்றரில் ஐந்து லீற்றர் வளியை நெஞ்சில் அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நீர்மட்டத்தில் அது பத்து லீற்றராகும். 1662இல் ரொபேட் பொயில் வெளியிட்ட விதிதான் இது. பள்ளிக்கூடத்தில் நாம் மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட விதி.

அதனாலேதான் ‘மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே எழு’ என்று சுழியோடிக்கு முதலிற் கற்பிக்கிறார்கள். தொய்வுக்காரருக்கோ மூச்சை விட்டாலும் முழுவதும் வெளியேறுமென்ற உறுதியில்லை. நுண்குழாய்கள் சுருங்கிச் சளி அடைத்த இடத்தில் வளி சிறைப்பட்டு நிற்கும். எழும்போது அது விரிந்து சுவாசப்பையைக் கிழிக்கலாம். குமிழி இரத்தத்திற் புகுந்து மூளைக்குச் செல்லலாம். இதற்குப் பேராழம் வேண்டுவதில்லை. ஓரிரு மீற்றர் ஆழமே போதும். நீச்சற் குளத்திலும் நிகழக்கூடும். போதாக்குறைக்கு, கலத்திலிருந்து வரும் உலர்ந்த குளிர் வளியும், நீரில் உழைக்கும் உழைப்பும் தொய்வைக் கிளப்ப வல்லவை.

இதை அறிந்தபின் அப்படிவத்தை வீட்டிலிருந்து ஆறுதலாகப் படித்தோம். சுழியோடல் மருத்துவம் அறிந்தோர் 2020இல் திருத்தி அமைத்தது. பல நாடுகளில் வழங்குகிறது. கேள்விகள் பத்தே. பத்துக்கும் ‘இல்லை’ என்பவர் வைத்தியரைக் காண வேண்டியதில்லை. மூன்று கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் நேரே வைத்தியரிடம் போகவேண்டும்: மிதமான உழைப்புக்கு உடல் இடங்கொடுக்கவில்லை என்பது ஒன்று, பன்னிரண்டு மாதத்துக்குள் சத்திரசிகிச்சை செய்ததோ பழைய சிகிச்சையின் தொல்லை தொடர்வதோ இன்னொன்று, வைத்தியர் எழுதித் தந்த மருந்தை உட்கொண்டு வருவது மற்றொன்று. ஏனையவற்றுக்கு ‘ஆம்’ என்றால் அடுத்த பக்கத்தில் விவரம் கேட்பார்கள். அங்கே ஒன்றுக்கேனும் ‘ஆம்’ வந்தால் அப்பொழுதும் வைத்தியரே.

மிதமான உழைப்பென்பதற்கு அளவும் சொல்லியிருக்கிறார்கள். 1.6 கிலோமீற்றரைப் பதினான்கு நிமிடத்தில் நடக்கவேண்டும், அல்லது 200 மீற்றரை இளைப்பாறாமல் நீந்தவேண்டும். நாம் ஒழுங்கையிலே நடந்து பார்த்தோம். எத்தனை நிமிடம் சென்றதென்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியோருக்குத் தனிக் கேள்வி உண்டு. புகைப்பவரா, கொலஸ்ரரோல், இரத்த அமுக்கம் உண்டா, நெருங்கிய இரத்த உறவினர் எவரும் ஐம்பது வயதுக்கு முன் இருதய நோயால் இறந்தாரா என வினவுகிறார்கள். பிள்ளைகளோடு தாமும் இறங்க எண்ணும் தந்தையர் இதனை இருமுறை படிக்க வேண்டும். நீரில் மூழ்கியதும் கால்களிலுள்ள இரத்தத்தில் ஒரு பகுதி நெஞ்சுக்கு ஏறும். இருதயத்துக்குச் சுமை கூடும். வயது முதிர்ந்த சுழியோடிகளின் மரணங்களில் இருதய நோய்க்குப் பெரும் பங்குண்டு. நீரிழிவுக்காரருக்கு ஆழத்திலே சீனி குறைந்து மயக்கம் வந்தால் வாயில் இனிப்பிட யார் உளர்? வலிப்பு நோயும் அவ்வாறே. கருவுற்ற பெண்கள் சுழியோடவே கூடாது. தடிமன் பிடித்திருந்தால் எவரும் அன்றைக்கு இறங்காதிருப்பதே நன்று. காதின் உள் அமுக்கத்தைச் சமன்செய்ய இயலாமற் செவிப்பறை கிழியக்கூடும்.

ஊருக்குத் திரும்பியதும் எமது தங்கை முதலில் நாடியது அயலிலுள்ள குடும்ப வைத்தியரை. ‘ஒரு கையெழுத்துத்தானே டொக்டர்’ என்றால் மறுக்க மாட்டார் என்பது அவளுடைய எண்ணம். நம் நாட்டில் இது புதிய வழக்கமன்று. பள்ளிக்கூடத்துக்கு வராத நாளுக்கும் கந்தோர் விடுப்புக்கும் இப்படித்தான் கடதாசி வாங்குகிறோம். அவர் நல்லவர், கையொப்பமிடவில்லை. நெஞ்சுநோய் வைத்திய நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

நிபுணர் பையனை ஒரு கருவியில் ஊதச் சொன்னார். அளவு நன்றாகவே இருந்தது. தங்கையின் முகம் மலர்ந்தது. பின்னர் அவனை ஓடவைத்து மறுபடியும் ஊதச் சொன்னார். இம்முறை அளவு இறங்கியிருந்தது. முன்னாளில் தொய்வென்றாலே சுழியோடல் விலக்கென்பார்கள். இப்பொழுது அவ்வளவு கண்டிப்பில்லை என்று அவரே விளக்கினார். பிரித்தானியச் சுழியோடல் மருத்துவக் குழுவினர், நோய் மருந்தால் நன்கு அடங்கியிருப்போரையும், குளிராலோ உழைப்பாலோ மனக்கலக்கத்தாலோ அது கிளம்பாதோரையும் அனுமதிக்கின்றனர். அவர்களும் முந்திய நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் இழைப்புக்கு இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தால் இறங்கலாகாது. “உமக்கு ஓடினதும் வருது தம்பி. இப்ப நான் கையெழுத்து வைக்கேலாது. மருந்தை ஒழுங்காக எடும், வாற வருஷம் பார்ப்பம்” என்றார்.

படிவத்தைக் கடற்கரையிலே வாங்காமல், பெயரைப் பதியும் அன்றே கேட்டு வாங்குங்கள். நிபுணரைக் காணச் சில வாரமாகலாம். படகு பத்து நிமிடந்தான் காத்திருக்கும்.

இவ்வாண்டு ஆனியில் மறுபடியும் நிலாவெளிக்குப் போனோம். பையன் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, புறாத்தீவின் ஆழமில்லாப் பவளத்துக்கு மேலே மிதந்தான். கீழே வளிக்கலக்காரர் விட்ட குமிழிகள் அவனைத் தாண்டி எழுந்தன. தங்கை இன்ஹேலரைக் கைக்குட்டையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகிலே இருந்தாள். அடுத்த பரிசோதனை மார்கழியில்.