ப்ளக் பாயின்ட்டின் பின்பக்கம்

தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் அவர்களுக்கு,

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் நடந்ததைத் தங்கள் துறை மறந்திருக்காது. வீடியோ எடுக்க இழுத்த ஒயரில் கிளம்பிய தீ கீற்றுப் பந்தலைப் பிடித்தது. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் ஊரில் கீற்றைப் பற்றி நிறையப் பேசினோம், ஒயரைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இந்த மடல் ஒயரைப் பற்றியது. அதிலும் வீட்டு ப்ளக் பாயின்ட்டுக்குப் பின்னால் அது போய்ச் சேரும் ஸ்க்ரூவைப் பற்றியது.

உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகள் பல, ஃபேனும் குண்டு பல்பும் மட்டும் இருந்த காலத்தில் ஒயரிங் ஆனவை. இன்று அதே வீட்டில் இரண்டு மூன்று போர்ஷன். ஏசி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடத்தில் ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும், 25 வாட் சூடு அங்கேயே உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடை சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி மறந்துவிட்ட மாதிரிதான். எம்.சி.பி. விழாது, மின்னோட்டம் கூடவில்லையே! 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் விழாது, கசிவு இல்லை. ஷாக்கிலிருந்து உயிரைக் காக்க அது கட்டாயம் வேண்டும். இந்தச் சூடு மட்டும் அதற்குத் தெரியாது.

எனவே எல்லாம் வேலை செய்பவரின் கையில்தான். ஸ்க்ரூ இறுக்கும் துளையில் ஒயர் நுழையவில்லையென்று நாலு இழையை வெட்டிவிடுகிறார்கள். இன்சுலேஷன் மேலேயே ஸ்க்ரூவை இறுக்குகிறார்கள். லூப் எடுக்க ஒரே துளையில் மூன்று ஒயரைத் திணிக்கிறார்கள். பழைய அலுமினிய ஒயரைச் செம்போடு முறுக்கி டேப் சுற்றுகிறார்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு லைட் பாயின்ட்டிலிருந்து ஒயர் வருகிறது. எர்த் எங்கே என்றால், "அது இல்லாமலே ஓடும் சார்." ஓடும்தான்! துளையின் ஆழத்துக்கு மட்டும் சீவி, இழைகளைச் சேர்த்து முறுக்கி, லக் போட்டு அழுத்தி, இறுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை.

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பலர் இன்னொருவரோடு போய்ப் பார்த்துப் பழகியவர்கள். 5 ஆண்டு அனுபவம் உள்ளவர் எழுத மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அதன் அறிவிப்பு ஸ்ரீரங்கத்து எலக்ட்ரிக்கல் கடை வாசலில் ஒட்டி நான் பார்த்ததில்லை. அங்கே ஒட்டச் செய்யுங்கள். தேர்வுக்கு முன் திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யில் மாலை நேரப் பயிற்சி வையுங்கள். பகலில் கூலியை விட்டு யாரும் வர மாட்டார்கள். புதிய இணைப்புக்கு ஒப்பந்ததாரர் தரும் டெஸ்ட் ரிப்போர்ட்டில், ஒவ்வொரு பவர் பாயின்ட்டையும் கழற்றி ஒயரை இழுத்துப் பார்த்ததாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சித்திரைத் தேருக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து, எல்லா அறையிலும் ஏசி ஓடத் தொடங்கும் முன் இதைச் செய்துதர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து மின் நுகர்வோர் ஒருவர்