குளந்தொட்ட தமிழனும் பெயர் மறைத்த ஏடுகளும்

தென்கிழக்காசிய நாடுகளில் ‘இந்தியப் பண்பாடு’ பரவிற்று என்று பள்ளி நூல்கள் பறைசாற்றுகின்றன. எந்த இந்தியா? அந்நாளில் அப்பெயரில் ஓர் அரசு இருந்ததுண்டா? ஒரு மொழிதான் உண்டா? கலமேறிப் போனவன் எம்மொழி பேசினான் என்று கேட்டால் மட்டும் அவை வாய்மூடிக் கொள்கின்றன! 1926-இல் கல்கத்தாவில் ‘பேரிந்தியக் கழகம்’ கண்டவர்கள் பரப்பிய பொதுப்பெயர் இது. அதன் நிழலில் தமிழன் தடம் மறைந்தது.

மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளின் வானம்பார்த்த கரிசலில் வாழ்பவர்க்கு இதை விளக்க ஒரு கல் போதும். தாய்லாந்தின் மேலைக் கரையில் தக்குவாப்பாவில் கிடைத்த கல் அது, ஒன்பதாம் நூற்றாண்டினது, தமிழிலேயே பொறிக்கப்பெற்றது. அது கூறுவது போர் வெற்றியன்று, ஒரு குளத்தின் செய்தி! தமிழன் ஒருவன் அங்கே குளந்தொட்டான்; அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டான்; மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரும் உடனிருந்தோரும் அதைக் காக்கும் பொறுப்பேற்றனர். கண்மாய் பெருகினால்தான் அடுப்பெரியும் என்றறிந்த நம் மக்களுக்கு, இச்செயலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. (அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவருமனின் பட்டப்பெயர். பட்டம் வடசொல், குளமும் தொடுதலும் தமிழ். அரண்மனையைப் பற்றிய நோய் மண்வெட்டி பிடித்தவனைப் பற்றவில்லை என்க!)

1025-இல் இராசேந்திரன் கடாரம் கொண்டதையே மேடைதோறும் முழங்குவோர் நம்மிலும் உளர். கொள்ளையிட்ட படையினும் குளம் வெட்டிய கை பெரிதன்றோ?

சான்று இஃதொன்றுதானா? தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த பொற்கொல்லன் உரைகல்லில் பழந்தமிழ் எழுத்து உள்ளது. சுமத்திராவின் பாரூசில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் நிறுத்திய கல் தமிழில் பேசுகின்றது. குபிலாய்க் கான் ஆண்ட சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில், 1281-இல் சிவன் திருமேனி நிறுவிய செய்தியும் தமிழிலேயே வெட்டப்பட்டது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு.

அந்நாட்டு அரசவைகள் வடமொழியிலும் கல்வெட்டுகள் பொறித்தன என்பர். பொறிக்கட்டும்! அவ்வெழுத்தின் வடிவு எங்கிருந்து போயிற்று? கம்போடியம், சாவகம் முதலிய எழுத்துகள், பல்லவர் ஆண்ட தென்னாட்டு எழுத்தின் வழிவந்தவை. அதனையும் ‘இந்திய எழுத்து’ என்றே பொதுவில் முடித்துவிடுவது நேர்மையா?

இன்னுமொன்று. தாய்லாந்து அரண்மனைப் பார்ப்பனர் திருவெம்பாவையைப் பொருளறியாமலேனும் வழிவழியாய் ஓதி வந்துள்ளனர். இங்கோ, பொருளறிந்த மக்கள் நிறைந்த ஊர்க் கோயிலிலேயே தமிழ் வழிபாட்டுக்குப் போராட வேண்டியிருக்கின்றது! வெட்கம்!

தக்குவாப்பாக் கல்லின் செய்தி மல்லாங்கிணற்றுப் பிள்ளையின் பள்ளி நூலில் முழுமையாக இடம்பெற வேண்டும். அதைப் பொறித்த மொழி தமிழ் என்று, ‘இந்திய’ என்னும் முகமூடியின்றி, அப்பக்கத்தில் அச்சேற வேண்டும். கரிசல் ஊர்களின் ஆசிரியப் பெருமக்கள் அந்நாள் வரும்வரை காத்திராமல், நாளைக் காலையே தம் வகுப்பில் அதை எழுதிப் போடுவார்களாக!