தோற்சுவடியும் ஏர்முனையும்

1085-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் குளோஸ்டர் நகரிலே சபை கூட்டியிருந்த வில்லியம் மன்னன், தான் வாள்முனையில் வென்ற இங்கிலாந்தில் எந்த நிலம் எவர் வசமிருக்கிறது, அதில் எத்தனை ஏர் ஓடுகின்றன, அதன் மதிப்பு என்ன என்பதையெல்லாம் ஊர்தோறும் விசாரித்து எழுதிவரும்படி கட்டளையிட்டான். அவ்விதம் 1086-இல் உருவான ஏட்டை, அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்ற கருத்தில், இறுதித் தீர்ப்பு நாளின் பெயராலேயே ‘டூம்ஸ்டே’ என்று ஜனங்கள் வழங்கலாயினர்.

அவ்வேட்டில் நிலத்தைக் குறிக்கும் சொல் ‘ஹைடு’. ஒரு குடும்பத்தைப் போஷிக்கப் போதிய நிலம் என்ற பழங்கருத்தில் பிறந்த இச்சொல்லுக்கு 120 ஏக்கர் என்று பொருள் கூறுவார்களாயினும், உண்மையில் அது நிலத்தின் அளவு அன்று, வரிச்சுமையின் அளவு. 1084-இல் ஹைடு ஒன்றுக்கு 6 ஷில்லிங் வரி விதிக்கப்பட்டபோது, மன்னனின் தயவைப் பெற்றவன் ஊர் பரப்பில் விரிந்தும் ஹைடுக் கணக்கில் சுருங்கியும் இருந்ததில் வியப்பில்லை.

மண்ணிலே நடந்த வேளாண்மையோ வேறு நியாயத்தைப் பின்பற்றியது. மத்திய இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் நிலம் இரண்டு அல்லது மூன்று பெருவெளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றில் கோதுமையும், மற்றொன்றில் வாற்கோதுமை, ஓட்ஸ், பட்டாணி ஆகியவையும் விளைய, மூன்றாவது தரிசாய் இளைப்பாறி ஊர்க் கால்நடைகளுக்கு மேய்ச்சலாயிற்று. ஒருவனுடைய 30 ஏக்கர் ஓரிடத்தில் இல்லாமல் மூன்று வெளிகளிலும் நீண்ட கீற்றுகளாகச் சிதறிக் கிடந்தது. நல்ல மண்ணும் களர் மண்ணும் எல்லோருக்கும் கலந்தே கிடைத்தன. எட்டு எருதுகள் பூட்டும் கனத்த ஏரைத் தனியொருவன் வைத்திருப்பது அரிதாகையால், அயலானுடன் மாடு சேர்த்தே உழவேண்டியிருந்தது. அவ்வேர் திரும்பித் திரும்பி எழுப்பிய வரப்புகளை இன்றும் புல்வெளிகளில் காணலாம். நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் அவ்வெளிமுறை இன்றளவும் நடைபெற்று வருகிறது.

விளைச்சலோ சொற்பம். ஒரு மரக்கால் கோதுமை விதைத்தால் நான்கு மரக்கால் கண்டால் அதிகம். அதில் ஒன்று மறுவிதைப்புக்கு. பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. எஞ்சியதைப் பிரபுவின் ஆலையிலேயே கூலி கொடுத்து அரைக்க வேண்டும். இவற்றுக்கு மேல், நிலத்தோடு கட்டுண்ட வில்லேன் என்னும் குடியானவன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் பண்ணையில் ஊதியமின்றி உழைத்தும், மகளை மணம்செய்து கொடுக்கப் பணம் கட்டியும் வாழ்ந்து மடிந்தபின், அவன் தொழுவத்தின் சிறந்த மாடு பிரபுவைச் சேர்ந்தது. அந்த மாட்டை ஓட்டிச் சென்ற நாளில் அவ்வீட்டு விதவை வாசலில் நின்றிருப்பாளே என்று எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. இக்கடமைகளெல்லாம் பண்ணை நியாயஸ்தலத்தின் தோற்சுருள்களில் வரிவரியாகப் பதியப்பட்டன.

1348-இல் வந்த கொள்ளைநோய் ஜனத்தொகையில் பாதியளவை வாரிச் சென்றபின், உழைப்பின் விலை உயர்ந்தது. உடனே 1351-ஆம் ஆண்டுச் சட்டம் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த முயன்றது. இந்நிலையில் 1377-இல் தென்னிங்கிலாந்தின் ஏறத்தாழ 40 ஊர்க் குடிகள் செய்த காரியம் என்னைப் பெரிதும் ஆகர்ஷிக்கிறது. தங்கள் ஊர் முற்காலத்தில் மன்னனின் சொந்த நிலமாயிருந்தது என்று நிரூபித்தால் பிரபுவின் ஊழியத்திலிருந்து விடுதலை கிட்டும் என்று நம்பி, அவர்கள் டூம்ஸ்டே ஏட்டின் சான்று நகல்களைப் பணம் கொடுத்து வாங்கினர். நகல் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஆளொன்றுக்கு 4 பென்னியாயிருந்த தலைவரி 12 பென்னியாக உயர்ந்த பின்னர், 1381-இல் எஸெக்ஸிலும் கென்டிலும் எழுந்த குடிகள் பண்ணைச் சுருள்களைத் தேடித்தேடி எரித்தனர். இதனை எழுத்தறியாதாரின் மூர்க்கம் என்று சிலர் எழுதிச் சென்றிருப்பதை நான் ஒப்பமாட்டேன். நகலுக்குப் பணம் கொடுத்த அந்தத் தலைமுறைக்கு, தன் தளை எந்தத் தோலில் எழுதப்பட்டிருந்தது என்பது நன்கு தெரிந்தேயிருந்தது.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஆயினும் ஆள் பஞ்சம் பிரபுக்களைப் பணியவைக்க, அடுத்த நூற்றாண்டில் ஊழியம் மெல்ல மெல்லப் பணக்குத்தகையாக மாறிற்று. அப்போது குடியானவன் தன் பெயர் பதிந்த சுருளின் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்றான். ‘காப்பிஹோல்டு’ எனப்பட்ட அப்பாத்தியத்தைக் காலக்கிரமத்தில் அரசரின் நியாயஸ்தலங்களும் அங்கீகரித்தன. பாட்டன் எரித்த சுருளின் பிரதியைப் பேரன் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்தான். 1926-ஆம் ஆண்டு பிறந்து, அவ்வுரிமைமுறையைச் சட்டம் முடித்துவைக்கும்வரை அப்பிரதிகளின் பேரில் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது.