ஏஐ வந்தா வேலை போயிடுமா? பயப்படும் பிள்ளைகளுக்கு கம்பெனி முதலாளிகள் சொல்ல வேண்டியது என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் முன்பெல்லாம் "எந்த காலேஜ், எந்த குரூப்?" என்பதுதான் பேச்சாக இருக்கும். இப்போது அதற்கு முன்பே பிள்ளைகள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள்: "நாலு வருஷம் படிச்சு முடிக்கிறப்போ அந்த வேலையே இருக்குமா?" இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? இதைக் குறைக்க நிறுவனத் தலைவர்களால் என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்.

பயத்தைக் கிளப்பியது யார்?

பெரும்பாலும் சிஇஓக்களின் பேச்சுதான். தொடக்கநிலை அலுவலக வேலைகளில் பாதியை 1 முதல் 5 ஆண்டுகளுக்குள் ஏஐ காலி செய்யக்கூடும் என்று 2025 மே மாதம் சொன்னார் ஆந்த்ரோபிக் நிறுவன சிஇஓ டாரியோ அமோடி. அடுத்த மாதமே என்விடியா சிஇஓ ஜென்சன் ஹுவாங் அதை மறுத்தார். முதலீட்டாளர்களையும் அரசுகளையும் நோக்கிப் பேசும் இந்தப் பேச்சு, ரீல்ஸாகச் சுருங்கி 15 வயதுப் பிள்ளையின் செல்போனுக்கு வரும்போது "வேலை போச்சு" என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது.

டிசிஎஸ் விவகாரம் என்ன?

ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்படுவார்கள் என 2025 ஜூலையில் டிசிஎஸ் அறிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களுக்கு. இதற்கு ஏஐ காரணம் அல்ல, திறன் பொருந்தாததே காரணம் என்றார் சிஇஓ கிருத்திவாசன். ஆனால் 'திறன் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு, என்ன படிப்பது என்று ஒரு மாணவர் எப்படி முடிவு செய்வார்?

தலைவர்கள் என்ன செய்யலாம்?

1. எந்த வேலை என்று பிரித்துச் சொல்லலாம்

மனிதவளப் பிரிவில் சில நூறு பேர் செய்த பணிகளை ஏஐ செய்கிறது. ஆனால் புரோகிராமிங், விற்பனைப் பிரிவுகளில் ஆள் எடுத்ததால் மொத்த எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று 2025-ல் சொன்னார் ஐபிஎம் சிஇஓ அரவிந்த் கிருஷ்ணா. எது குறைகிறது, எது கூடுகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் திட்டமிட ஒரு பிடி கிடைக்கும்.

2. பொய் ஆறுதல் வேண்டாம்

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கைப்படி, 2030-க்குள் 17 கோடி புதிய வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும். முதல் எண்ணை மட்டும் சொல்வது ஏமாற்று. வேலை இழப்பவருக்கே புதிய வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இதில் இல்லை. "ஒண்ணும் ஆகாது" என்பதை, அப்பாவின் வேலை போனதைப் பார்த்த பிள்ளை நம்பாது.

3. கணிப்பு மாறினால் அதையும் சொல்லலாம்

700 பேரின் வேலையை ஏஐ பார்க்கிறது என்று 2024-ல் அறிவித்த ஸ்வீடன் நிறுவனம் கிளார்னா, தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு 2025-ல் வாடிக்கையாளர் சேவைக்கு மீண்டும் மனிதர்களைத் தேடியது. முதல் செய்தி போய்ச் சேர்ந்த அளவுக்கு இரண்டாவது செய்தியும் போய்ச் சேர வேண்டாமா?

4. ஊழியர்களிடம் முதலில் பேசலாம்

ஆட்குறைப்பு வதந்தியோடு வீட்டுக்கு வரும் அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் முதலில் பயப்படுகிறார்கள். என்ன மாறப்போகிறது என்பதை நிறுவனமே நேரடியாகச் சொல்லி, புதிய திறனை வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுத்தால் வீட்டில் பாதிப் பதற்றம் குறையும்.

5. முதல் படியை எடுத்துவிடக் கூடாது

இதுதான் முக்கியம். ஃப்ரெஷர்கள் செய்யும் எளிய வேலைகளைத்தான் ஏஐ முதலில் தொடுகிறது. அதற்காக புதியவர்களையே எடுக்காமல் விட்டால், பத்து வருஷம் கழித்து அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்? அமேசான் வெப் சர்வீசஸ் சிஇஓ மேட் கார்மன் 2025-ல் கேட்டதும் இதைத்தான். ஜூனியர்களுக்குப் பதில் ஏஐ என்பது முட்டாள்தனம் என்றே சொன்னார் அவர்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையோடு சேர்த்து, வேலையைக் கற்றுக்கொடுக்கிறது ஜோஹோ நடத்தும் பயிற்சிப் பள்ளி.

அப்படியென்றால் பிள்ளைகள் எதை நம்பலாம்?

மேடைப் பேச்சை விட, "இந்த வருஷம் இத்தனை ஃப்ரெஷர்களை எடுக்கிறோம், இந்தெந்த வேலையைக் கற்றுத் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லும் கணக்கை நம்பலாம். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கும் கல்லூரிகளுக்கும் உண்டு. அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவிலேயே அதைக் கேட்கத் தொடங்கலாம்.