ஒப்பமிட்டவரும் தங்கியவரும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 அன்று இயற்கை மருத்துவக் கல்லூரிகளில் விழா நடைபெறுகிறது. 1945இல் அந்நாளில், மருத்துவர் தின்ஷா மேத்தாவின் புனே சிகிச்சை நிலையத்தில், அகில இந்திய இயற்கை மருத்துவ அறக்கட்டளையின் பத்திரத்தில் காந்தி ஒப்பமிட்டு அதன் வாழ்நாள் தலைவரானார். ஆயுஷ் அமைச்சகம் 2018 முதல் அந்நாளையே தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடி வருகிறது. தலைமை என்றால் ஒரு பெயர், ஒரு படம், ஒரு மாலை என்னும் எண்ணத்தை இவ்விழாக்கள் மாணவர் மனத்தில் ஊன்றுகின்றன.

பத்திரத்துக்குப் பின் நடந்ததை மேடைகள் அதிகம் பேசுவதில்லை. ஏழைகளுக்கான இயற்கை மருத்துவத்தை நகரத்தில் நடத்துவது பொருந்தாது என்று சில மாதங்களிலேயே காந்தி உணர்ந்தார். 1946 மார்ச்சில் புனேக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உருளிகாஞ்சன் கிராமத்துக்குச் சென்று மண்பட்டி, இடுப்புக் குளியல் முதலிய சிகிச்சைகளை அளித்தார். அங்கு அவர் தங்கியது ஏறக்குறைய ஒரு வாரம். பின்னர் அரசியல் பேச்சுவார்த்தைகள் அவரைத் தில்லிக்கு அழைத்தன. ஆசிரமப் பொறுப்பை ஏற்றவர் இருபதுகளின் நடுவிலிருந்த மணிபாய் தேசாய். 1993இல் மறையும்வரை உருளிகாஞ்சனே அவரது ஊர். 1967இல் அவர் தொடங்கிய பாய்ஃப் நிறுவனம் கால்நடை வளர்ப்பில் இறங்கியது. மருத்துவத்திலிருந்து மாட்டுக்குப் போனது திசைமாற்றம் அன்று: நோயாளியின் உணவைத் திருத்த விரும்புபவர் அவரது வருமானத்தையும் பார்த்தாக வேண்டும். ஒப்பமிட்ட நாளுக்கு விழா உண்டு. தங்கியிருந்த 47 ஆண்டுகளுக்கு விழா இல்லை.

கல்லூரித் தலைவரை மராத்தியில் 'பிராச்சார்ய' என்பர். அச்சொல்லுக்குள் ஆசிரியர் இருக்கிறார். தமிழில் 'முதல்வர்'; மாநிலத்தை ஆள்பவருக்கும் அதே சொல். வரிசையில் முதலில் நிற்பதை அச்சொல் காட்டுகிறதே தவிர, செய்யும் வேலையைக் காட்டுவதில்லை.

இயற்கை மருத்துவத்தில் அந்த வேலை மற்ற துறைகளைவிடக் கடினமானது. 2020இல் இயற்றப்பட்ட இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, சோவா ரிக்பா ஆகியவற்றை உள்ளடக்கியது. யோகமும் இயற்கை மருத்துவமும் அதற்கு வெளியே நிற்கின்றன. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவரும், சில மாத வகுப்புக்குச் சென்று வந்தவரும் பொதுமக்கள் பார்வையில் ஒன்றாகிவிடுகின்றனர். வெளியிலிருந்து எல்லை வகுக்கும் அமைப்பு வலுவாக இல்லாதபோது, எல்லையைக் கல்லூரியே வகுத்தாக வேண்டும். இன்சுலினை நிறுத்தச் சொல்லக்கூடாது, காசநோய் மாத்திரையைப் பாதியில் விடச் சொல்லக்கூடாது என்று மாணவருக்கு முதலாண்டிலேயே, எழுத்திலேயே சொல்லும் முதல்வரே தம் துறையைக் காப்பவர். எல்லா நோய்க்கும் தீர்வு உண்டென முழங்குபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அதன் விலையை நோயாளி கொடுப்பார்.

காந்தியின் முடிவில் ஒரு பகுதி இன்று செல்லாது. அவர் தேடிச்சென்ற ஏழை இப்போது நகரத்திலும் இருக்கிறார். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வசதியுள்ள குடும்பம் பத்து நாள் விடுப்பெடுத்து இயற்கை மருத்துவ விடுதிக்குப் போய்வரலாம். தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் இடுப்புக் குளியல் தொட்டியை எங்கே வைப்பது? குழாயில் சில மணி நேரமே வரும் தண்ணீர் டிரம்மில் சமையலுக்காகக் காத்திருக்கிறது. தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைக்கும் திருநெல்வேலிக்காரருக்குச் சம்பளத்துடன் ஓய்வு கிடையாது. இவர்களுக்கு ஏற்ப எதை மாற்றுவது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி பாடத்திட்டத்தில் முதன்மை பெற வேண்டாமா?

தாராவியில் சயான் மருத்துவமனையின் நகர்ப்புற நல மையம் இருக்கிறது. மக்கள் அதைச் 'சோட்டா சயான்' என்பர். மகாராட்டிரத்தின் ஓர் இயற்கை மருத்துவக் கல்லூரி, தன் மாணவரின் ஓராண்டுப் பயிற்சியில் மூன்று மாதத்தை அத்தகைய மையத்தோடு இணைந்து கழிக்க அனுமதி கேட்கலாம். அங்கு அலோபதி மருத்துவரின் மேற்பார்வையில் உணவு, உறக்கம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு நின்றுகொண்டு, இரத்த அழுத்தக் குறிப்பேட்டை வாரந்தோறும் நிரப்பட்டும். பலன் இல்லையென்றால் அதுவும் அந்தக் குறிப்பேட்டில் தெரியும். இதைத் தொடங்க ஒரு முதல்வரின் கடிதம் வேண்டும். அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிப் போனாலும் மாணவர்கள் தாராவிக்கு வந்துகொண்டிருக்கும்படி துறைக்குள் ஒருவர் தங்க வேண்டும்.