த்ரில்லர் எடுக்கும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்



போன வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு புகார் வந்தது. "சார், பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைங்க செல்போனை வச்சுக்கிட்டு தெருத்தெருவா படம் எடுத்துத் திரியுதுங்க. அதுவும் கொலைப் படம். நீங்க கூப்பிட்டுக் கண்டிக்கக் கூடாதா?" என்று, என்னிடம் படித்து இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். குழுவில் இரண்டு வரியில் பதில் சொன்னால் சண்டை போலத் தெரியும். அதனால் இங்கே நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கண்டிக்க மாட்டேன். இதுதான் என் பதில். ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை ஒழுங்காகத் திட்டமிட்டு எடுப்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான பயிற்சி. ஆனால் 'ஒழுங்காக' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் வழக்கே அந்தச் சொல்லில்தான்.

கணக்கு வாத்தியாருக்கு சினிமாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வடிவியல் தேற்றம் எழுதும்போது முதலில் என்ன எழுதச் சொல்வேன்? 'கொடுக்கப்பட்டவை'. அடுத்து 'நிரூபிக்க வேண்டியது'. இந்த இரண்டும் தெளிவாக இல்லாமல் நிரூபணத்துக்குள் இறங்கினால் பக்கம் நிறையும், மதிப்பெண் வராது. த்ரில்லரின் தொடக்கமும் இதேதான். பார்ப்பவனுக்குச் சில விவரங்களைக் கொடுக்கிறோம், ஒரு கேள்வியை எழுப்புகிறோம். கொடுக்க வேண்டியதை மறைத்தால் அது ஏமாற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கேள்வியே இல்லை. எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் காட்டுவது என்று முடிவெடுக்க மூளை வேலை செய்தாக வேண்டும்.

லண்டனில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் சிலருக்கு இது தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் ஏ லெவல் ஊடகவியல் பாடத்தில், ஒரு புதிய படத்தின் தொடக்கக் காட்சியை, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல், மாணவர்களே எடுப்பது பல ஆண்டுகள் தேர்வின் பகுதியாக இருந்தது. நிறையப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது த்ரில்லரைத்தான். ஒரு தேர்வு வாரியம் அதற்கு 100 மதிப்பெண்ணை எப்படிப் பிரித்தது தெரியுமா? ஆய்வுக்கும் திட்டத்துக்கும் 20, படத்துக்கு 60, 'நாங்கள் என்ன செய்தோம், எதைக் கற்றோம்' என்று எழுதும் மதிப்பீட்டுக்கு 20. கேமரா பிடிப்பதற்கு முன்னும் பின்னும் யோசிப்பதற்கே 40 மதிப்பெண்! நம் ஊரில் அதே வேலையைச் சம்பளமும் மதிப்பெண்ணும் இல்லாமல் செய்கிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது திட்டு.

இனி அந்தப் பிள்ளைகள் கதைக்கு வருகிறேன். அவர்கள் ஐந்து பேர். நாலு பையன்கள், ஒரு பெண். என் வீட்டுத் திண்ணை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். "கதையைச் சொல்லுங்கப்பா, அப்புறம் திண்ணை" என்றேன். இரவு, இருட்டு, தெருவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் முகமூடி, கத்தி, அலறல், ரத்தம், படத்தின் பெயர். இவ்வளவுதான் கதை.

"இதில் கேள்வி என்ன?" என்று கேட்டேன். "யார் கொன்னாங்கன்றதுதான் தாத்தா" என்றான் ஒருவன். "செத்துப்போன பெண் யார்?" என்றேன். பதில் இல்லை. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. குழுவில் இருக்கும் ஒரே பெண்ணுக்கு அவர்கள் கொடுத்த வேடம், பெயர் இல்லாத பிணம். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைப் பெற்றோராகிய நீங்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் கத்தியைக் காட்டுகிறார்கள் என்று பதறுகிறீர்கள். அட்டைக் கத்தி யாரையும் குத்தாது. ஆனால் பயம் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒரு பெண்ணைக் கொல்ல வேண்டும் என்று பதினாறு வயதில் மனதில் பதிந்துவிட்டதே, அதைப் பற்றி யாரும் குழுவில் எழுதவில்லை. அது அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. நாம் வீட்டில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து பார்க்கிற படங்களும் தொடர்களும் கற்றுக்கொடுத்தது.

நான் பிரசங்கம் செய்யவில்லை. அவர்களை உட்காரவைத்து 'அந்த நாள்' படத்தைப் போட்டேன். 1954 ஏப்ரல் 13இல் வந்த ஏவி.எம். படம். எஸ். பாலச்சந்தர் இயக்கியபோது அவருக்கு வயது 27. வீணை பாலச்சந்தர் என்று நாம் கொண்டாடுகிறோமே, அவரேதான். அவ்வளவு பெரிய சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. விழுந்து சாவது யார்? சிவாஜி கணேசன். கதாநாயகன் செத்துவிட்டான், இனி என்ன என்று பார்ப்பவன் நிமிர்ந்து உட்காருகிறான். பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு விதமாக அதே சம்பவம். கொலை செய்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள். அந்தப் படத்தில் பண்டரிபாய்க்குப் பெயர் உண்டு, மனசாட்சி உண்டு, எடுக்க வேண்டிய ஒரு முடிவும் உண்டு.

கருப்பு வெள்ளை என்று முதலில் நெளிந்த பிள்ளைகள் கடைசிவரை நகரவில்லை.

"உங்க காலத்துக் கதை, தாத்தா. இப்ப எங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். என்ன இருக்கிறதா? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் இருக்கிறது. 1951இல் அங்கே நிலத்தில் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, அதில் ஒன்று சோழர் கால நடராஜர். 1950களில் பழுது பார்க்க வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி. அசல் கைமாறிப் போய்விட்டது. ஊர் மக்கள் போலியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் என்ற ஆய்வாளர்தான் 1960களில் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதினார். அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 1973இல் அந்த நடராஜரை வாங்கியது. வழக்கு நடந்து, சமரசமாகி, 1986இல் நாடு திரும்பியது. இதைவிட என்ன த்ரில்லர் வேண்டும்? ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மூன்று நாள் கழித்து புதுத் திட்டத்தோடு வந்தார்கள். பழைய சிலை ஒன்றைத் தராசில் வைக்கிறார்கள். பதிவேட்டில் 42 கிலோ என்று இருக்கிறது. தராசு முள் 39இல் நிற்கிறது. அதோடு காட்சி முடிகிறது. ஒரு எண்ணை வைத்துப் பயம் காட்டுகிறார்கள் என்றதும் கணக்கு வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பட்டறை கேட்டுப் போன இடத்தில் எங்கள் தெரு ஸ்தபதி முகம் சுளித்தார்.

"சார், சிலை திருட்டுன்னாலே ஊர் உலகம் எங்களைத்தான் ஒரு மாதிரி பாக்குது. நம்ம பிள்ளைங்களும் அதையே எடுத்தா நாங்க எங்க போறது?" என்றார்.

நியாயமான கேள்வி. தலைமுறை தலைமுறையாக மெழுகும் மண்ணும் நெருப்புமாக உழைக்கிற குடும்பங்கள் வாழும் ஊர் இது. எவனோ செய்த திருட்டுக்கு எல்லோரையும் சந்தேகப் பார்வையில் நிறுத்துவது எவ்வளவு எளிது! கதைதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெருவில் எடுக்கிற கதைக்குத் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவரிடமே உட்கார்ந்து கேட்டார்கள். அவர் சொன்னது எனக்கும் புதுசு.

"எடையை வச்செல்லாம் கண்டுபிடிக்க முடியாதுப்பா. போலி பண்றவன் எடையைச் சரிக்கட்டிடுவான். பழைய மேனின்னா, பல நூறு வருசம் அபிஷேகம் பண்ணித் துடைச்சுத் துடைச்சு மூக்கு, விரல் நுனியெல்லாம் மழுங்கியிருக்கும். புதுசுல உளி பட்ட கூர்மை இருக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலே தெரியும்."

கதை மாறிவிட்டது. இப்போது தராசில் சரியாக 42 கிலோ. பதிவேட்டைப் பிடித்திருக்கும் இளம் அதிகாரி 'சரி' என்று எழுதப்போகிறாள். அந்த வேடம்தான் நம் பெண்ணுக்கு. எல்லோரும் நிம்மதியாகக் கலைகிறார்கள். வயதான ஸ்தபதியின் கட்டைவிரல் மட்டும் சிலையின் விரல் நுனியைத் தடவுகிறது, நிற்கிறது. அவர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். அவள் பேனா எழுதாமல் நிற்கிறது. அவ்வளவுதான். எடை சரி, அப்படியானால் எது தப்பு? கொடுக்கப்பட்டவை தெளிவு, கேள்வி தெளிவு. திருடனாகத் தெரிந்திருக்க வேண்டியவர் உண்மையைக் கண்டுபிடிப்பவராகிவிட்டார். சிலை பட்டறையில் இருந்த புதுச் சிலைதான். போலியாக நடிக்க அதைவிடப் பொருத்தமானது ஏது?

எடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டேன். அசல் எங்கே, யார் மாற்றினார் என்ற விடையை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு என்னிடம் தர வேண்டும். விடை தெரியாமல் கேள்வித்தாள் தயாரிக்கக் கூடாது. உறை என் பீரோவில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். நோட்டில் 19 ஷாட் படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஸ்டூல்தான் டிரைபாட். ஒரு ஷாட்டில் பையன் நெற்றியில் திருநீறு, அடுத்ததில் நெற்றி காலி, அதற்கடுத்ததில் மறுபடி திருநீறு. நிரூபணத்தில் ஒரு படி விட்டுப்போனது போல. ஸ்தபதி சிரித்துவிட்டு, "மெழுகுல விட்ட பிசகு உலோகத்துலயும் அப்படியே வரும், தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்தார்கள். திட்டமிடல் என்றால் என்ன என்று நான் முப்பது வருடம் கரும்பலகையில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. படிப்பை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போ என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. 1986இல் திரைப்படக் கல்லூரி இளைஞர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்தபோது வரிசையில் நின்று பார்த்தவர்கள்தான் உங்களில் பலர். கார்த்திக் நரேன் 'துருவங்கள் பதினாறு' எடுத்து வெளியிட்டபோது வயது 22. எல்லோரும் அப்படி ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டாம். இந்த ஐவரில் ஒருவர் வக்கீலாகலாம், ஒருவர் நர்ஸாகலாம். எதைப் பார்த்தாலும் 'இதில் கொடுக்கப்பட்டது என்ன, மறைக்கப்பட்டது என்ன' என்று கேட்கும் பழக்கம் எங்கேயும் உதவும். வாட்ஸ்ஆப்பில் வரும் பாதிச் செய்திகளுக்கே உதவும்.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, மாதம் ஒரு ஞாயிறு அரை நாள் விட்டுக்கொடுங்கள். இரண்டு, எங்கே எடுக்கிறார்கள், யாரிடம் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகமூடியும் பொம்மைத் துப்பாக்கியுமாக இருட்டில் ஓடினால் உண்மையிலேயே போலீஸ் வரும். சம்மதம் கேட்காமல் யார் முகத்தையும் இணையத்தில் ஏற்றக் கூடாது. மூன்று, கதையைக் கேளுங்கள். "முதலில் சாவது யார், அவருக்குப் பெயர் உண்டா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தகப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன ஊர் நம்முடையது. அந்தத் தகப்பன் கைகட்டி, வாய்பொத்திக் கேட்டார். நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி உட்கார்ந்து பார்த்தால் போதும். எடிட்டிங் முடிந்ததும் பிள்ளைகளின் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போடாமல், இரண்டு வரி காரணத்தோடு எழுதுங்கள். படிகள் இல்லாத விடைக்கு நான் என்றைக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சுவாமிமலை.